43 முதல் வரிகள்

என் மடிக்கணினியில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் 43 ஒலிக்கோப்புகள். எல்லாமே ஒரே நாளில், பின்னேரம் ஆறரைக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில் பதிவானவை. ஆக நீளமானது 22 செக்கன். ஆகக் குறுகியது இரண்டு செக்கன். அதில் வில் தந்தியில் படும் சத்தமும், உடனே நான் நாக்கைச் சொடுக்கும் சத்தமும் மட்டும்தான். 43இலும் நான் வாசிப்பது ஒரே ஒரு வரி, நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டின் முதல் வரி. அந்தத் தாலாட்டுக்கு இன்னும் ஏழு வரிகள் இருக்கின்றன என்பது அன்றைக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றிரவு நான் மிகவும் சந்தோஷமாகப் படுத்தேன். மடிக்கணினியில் ஓடும் ரெக்கோடிங் மென்பொருளை, இருந்த இடத்தில் இருந்தே போன் மூலம் இயக்கும் வேலை அன்றுதான் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. இரண்டு வாரம் மாரடித்த விஷயம். பாட்டுப் பதிவாகவில்லை, ஆனால் பொத்தான் வேலை செய்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மம்மா பாடின தாலாட்டை வயலினில் வாசித்து அனுப்பு என்று அக்கா கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. அதை அனுப்பவில்லை என்ற குற்ற உணர்ச்சி கூட அன்று இரவு வரவில்லை.

இதை எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் தனியாக ரெக்கோட் பண்ணுகிறவர்களுக்குத் தூர இயக்கம் ஒரு பெரிய வரம் என்று எழுதத்தான் முதலில் இருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த 43ஐ வைத்துக்கொண்டு அதை அப்படியே எழுத மனம் வரவில்லை.

நாலு மீற்றர்

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். ஸ்டூடியோ என்று நான் பெருமைக்குச் சொல்வது என் படுக்கையறையைத்தான். அலுமாரிக் கதவுகளை விரியத் திறந்து, உள்ளே தொங்கும் சேலைகளுக்கு முன்னால் இருந்து வாசித்தால் அறையின் எதிரொலி ஓரளவு அடங்கும். ரயில் போவதை ஒன்றும் செய்ய முடியாது. தண்டவாளம் மரைன் டிரைவுக்கு அந்தப் பக்கம்தான். காதுக்குப் பழகிப்போன அந்த அதிர்வு மைக்குக்குப் பழகுவதில்லை. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் முக்கால்வாசி போய்விடும், வயலினுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் பீத்தோவனின் மெட்டை அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும் பாண் ஓட்டோவை எந்த ஃபில்ட்டராலும் வெட்ட முடியாது. அது போகும் வரை காத்திருப்பேன், சில நாள் இறங்கிப் போய்ச் சீனி பணிஸ் வாங்கிக்கொண்டு வருவேன்.

மிச்சம் இருப்பது மடிக்கணினியின் காற்றாடி. கொழும்பு வெக்கையில், கூரை ஃபேனையும் நிறுத்திவிட்டு, யன்னலையும் பூட்டிவிட்டு இருந்தால் பத்து நிமிடத்தில் மடிக்கணினி மூச்சுவாங்கத் தொடங்கிவிடும். கண்டென்சர் மைக் அதை அப்படியே குடிக்கும். அதனால் அதை அறையின் மறு மூலையில், மேசைக்கு மேல் வைப்பேன். நான் இந்த மூலையில், அலுமாரிக்கு முன்னால், பாயில். இடையில் நாலு மீற்றர்.

நாலு மீற்றர் ஒரு தூரமா என்று கேட்பீர்கள். கதிரையில் இருந்து கிற்றார் வாசிக்கிற ஆளுக்கு இல்லைதான். எங்கள் முறையில் வயலின் வாசிக்க நிலத்தில் இருக்க வேண்டும். இடக்காலை மடித்து, வலக்காலைச் சற்று நீட்டி, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை இடது தோளோடு அணைத்துக்கொள்ள வேண்டும். உடம்பும் வாத்தியமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் நிலை அது. அதில் இருந்து எழும்புவதென்றால் வில்லை வைத்து, வயலினைக் கிடத்தி, ஹெட்ஃபோனைக் கழற்றி, கையை ஊன்றி எழும்ப வேண்டும். போய் ஸ்பேஸ் பாரையோ ரெக்கோடையோ அழுத்திவிட்டு, மைக் ஸ்டாண்டின் காலில் தடுக்காமல் திரும்பி வந்து, எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒருநாள் கணக்குப் பார்த்தேன், பொத்தானை அழுத்தியதில் இருந்து 14 செக்கன். என் பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் முதல் 14 செக்கன் ஒரே மாதிரி இருக்கும்: காலடி, முழங்கால் நெட்டி முறியும் சத்தம், பெருமூச்சு. அதை வெட்டி எறியலாம். ஓடிவந்த நெஞ்சின் படபடப்பு வில் பிடித்த கையில் இறங்கி, முதல் நீள வில் நடுங்குகிறதே, அதை எப்படி வெட்டுவது?

கால் பெடல் வாங்கலாமே என்றார்கள். ஒரு கால் மடிந்து கிடக்கிறது, மற்றக் காலில் வயலின் நிற்கிறது. எந்தக் காலால் மிதிப்பது?

பொத்தானைக் கையில் எடுத்த கதை

முதலில் ஒரு வயர்லெஸ் விசைப்பலகையைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் ஸ்பேஸ் பார் எழுப்பிய 'டக்' ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கதவு தட்டுவது போல விழுந்தது. அப்புறம்தான் போனுக்கு வந்தேன்.

நான் பாவிப்பது ரீப்பர் என்ற ரெக்கோடிங் மென்பொருள். கணினியில் பாட்டுக் கேட்கப் பாவித்த வின்அம்ப் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் உருவாக்கியவர். 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்வார்கள், தனியாளுக்கு உரிமம் 60 டொலர். நாள் கடந்தாலும் பூட்டிவிடாது. திறக்கும்போது சில செக்கன் காக்கவைத்து ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். அந்தப் பெருந்தன்மையை நம்பி 'அடுத்த சம்பளத்துக்கு' என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். 2022 மார்ச்சில், 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில வாரத்திலேயே 300ஐத் தொட்டது. எனக்கு அது வேண்டியதுதான்.

ரீப்பருக்குள் செட்டிங்ஸில் கன்ட்ரோல் பகுதிக்குப் போய், வெப் பிரவுசர் இன்டர்ஃபேஸ் என்பதைச் சேர்த்தால், மென்பொருள் தானே ஒரு சின்ன வெப் சேர்வராகிவிடும். வழக்கமான போர்ட் 8080. அது காட்டுகிற, 192.168 என்று தொடங்கும் முகவரியை, அதே வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் அடித்தால் ஒரு பக்கம் விரியும். ரெக்கோட், பிளே, ஸ்டொப், ஒவ்வொரு ட்ராக்குக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர். ஆப் எதையும் தரவிறக்க வேண்டாம். ஃபேடர்களை வழவழவென்று இழுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, இசை மென்பொருள்களும் கருவிகளும் வலைவழி பேசிக்கொள்ள 1997இல் பெர்க்லியில் பிறந்த ஓஎஸ்சி முறையும் அதற்கான டச்ஓஎஸ்சி போன்ற ஆப்களும் இருக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது இரண்டு பொத்தான். போனில் தட்டுவதற்கும் ரீப்பர் அதைக் கேட்பதற்கும் இடையில் கண்சிமிட்டும் நேரம் பிந்தும், அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மில்லிசெக்கன் கணக்குப் பார்க்க வேண்டியது காதுக்கு வரும் ஒலியில்தான்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டு வாரம் எங்கே போனது என்றால், முதலில் விண்டோஸின் ஃபயர்வோல் போனை உள்ளே விடவில்லை. அதைச் சமாதானப்படுத்தினால், ஒவ்வொரு முறை ரவுட்டர் அணைந்து எரியும்போதும் மடிக்கணினிக்கு வேறு முகவரி கொடுத்தது. நேற்று 7இல் முடிந்தது இன்று 12இல் முடிந்தது. கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது, ரவுட்டர் ஒரு நாளைக்கு மூன்று தடவை பிறந்தது. ரவுட்டருக்குள் போய் மடிக்கணினிக்கு ஒரு நிலையான முகவரியை எழுதி வைத்த பிறகுதான் நிம்மதி. கடைசியாக வந்ததுதான் ஆக எரிச்சலான ஒன்று. ஸ்டொப் அழுத்தியதும், 'இப்போது பதிவானதை வைத்திருக்கவா, அழிக்கவா' என்று ரீப்பர் ஒரு பெட்டியைத் திறந்து கேட்கும். எங்கே கேட்கும்? நாலு மீற்றருக்கு அப்பால், மடிக்கணினித் திரையில். போனில் பொத்தானை அழுத்திவிட்டு, எழும்பிப் போய் 'வைத்திரு' என்று சொல்லிவிட்டு வருவதற்கா இந்தப் பாடு! ரெக்கோடிங் செட்டிங்ஸில் அந்தக் கேள்வியை நிறுத்தலாம் என்று கண்டுபிடித்த பின்னேரம்தான் அந்த 43 கோப்புகளும் பதிவான பின்னேரம்.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வழுக்கிப்போக இடக்கை விரல்களில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். வலக்கையில் வில் இருப்பதால் போனை இடப்பக்கம் வைத்து இடக்கையால்தான் தட்ட வேண்டும். எண்ணெய் விரலுக்குப் போன் திரை சில வேளை மசிவதில்லை. அதற்காகப் போனை ஒரு மெல்லிய பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்தேன், மத்தியானம் இடியப்பம் வந்த உறையைக் கழுவி. தொழில்நுட்பம் எல்லாம் சேர்ந்து கடைசியில் அந்த உறையில்தான் நின்றது.

மாஸ்ரரின் கேள்வி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், எனக்கு வயலின் சொல்லித் தந்த மாஸ்ரரிடம் போனைக் காட்டினேன். பெருமையடிக்கத்தான் போனேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் வானொலியில் வாசித்தவர், இப்போது சுதந்திர சதுக்கம் என்கிறோமே, அங்கே. அந்த இடத்தை அவர் இன்னும் டொரிங்டன் என்றுதான் சொல்வார். வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்துவிட்டு, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லது பிள்ளை. ரெக்கோட் பண்ணுற சுவிச்சைக் கையிலை வச்சிருக்கிறாய், அது விளங்குது. நிப்பாட்டுற சுவிச்சையும் ஏன் கையிலை வச்சிருக்கிறாய்?"

பிழைத்தால் நிறுத்தத்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எங்களுக்குச் சிவத்த லைற் பத்தினா பத்தினதுதான். கண்ணாடிக்கு அங்காலை இருக்கிற ஆள் நிப்பாட்டினாத்தான் நிப்பாட்டு. ஒருக்கா நேரடி ஒலிபரப்பிலை மேல் தந்தி அறுந்துபோச்சு. மிச்ச மூண்டிலையும் வாசிச்சு முடிச்சன். வீட்டை வர, மனுசி இண்டைக்கு நல்லாயிருந்தது எண்டுது."

"அது வேறை வழியில்லாத காலம், மாஸ்ரர்."

"ஓம், வழியில்லாத காலம்தான்" என்று உடனே ஒத்துக்கொண்டார். வாக்குவாதம் பண்ணியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒத்துக்கொண்டதுதான் பிரச்சினையாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்து பக்கத்து சீற்றில் இருந்துகொண்டது.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். மெழுகில் வெட்டியதைத் திரும்ப அழிக்க முடியாது, பிழைத்தால் அந்தத் தட்டையே ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். டேப் வந்த பிறகு அழிக்கலாம், ஒட்டலாம். ஆனால் அப்போதும் பொத்தான் வாசிக்கிறவர் கையில் இல்லை. பெரிய ஸ்டூடியோக்களில் 24 ட்ராக் டேப் மெஷினின் இரைச்சலுக்கும் சூட்டுக்கும் பயந்து அதைத் தனி அறையில் வைத்து, சில்லுப் பூட்டிய ரிமோட் ஒன்றால் இயக்கினார்கள். அந்த ரிமோட்டும் மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்தில், பொறியியலாளர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றது. நூறு வருட ஒலிப்பதிவில் வில்லும் ஸ்டொப்பும் ஒரே ஆளின் கைக்கு வந்தது, வீட்டில் தனியாக ரெக்கோட் பண்ணத் தொடங்கிய எங்கள் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அதனால் என்ன? அந்தக் காலத்தில் இல்லை என்பதற்காக இப்போதும் வேண்டாம் என்பது நியாயமா? அந்த அறையில் சேலைகளுக்கு முன்னால் வாசிக்க எனக்கு வசதி இருக்கிறது, பிழையைத் திருத்த வசதி இருக்கிறது, ஏன் விட வேண்டும்? இப்படியெல்லாம் மாஸ்ரரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டு, அந்த மூன்று வாரமும் பின்னேரங்களில் முதல் வரியையே வாசித்துக்கொண்டிருந்தேன். சில நாள் இரண்டாம் வரியின் பாதிவரை போனேன்.

கரண்ட் போன இரவு

அந்த 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். ஊரையே ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எப்போது என்று அட்டவணை போட்டார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து, சமையலையும் ரெக்கோடிங்கையும் அதன்படி திட்டமிட்டோம். அன்றைக்கு எங்கள் எழுத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. எனக்கு அது போதும். ஃபேனை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன், போனில் ரெக்கோடைத் தட்டினேன். ஹெட்ஃபோனில் தம்புரா ஓடத் தொடங்கியது. அதை ரீப்பரிலேயே ஒரு ட்ராக்காகப் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் காந்தார ஸ்வரம் கொஞ்சம் தளர்ந்தது போலிருந்தது, இடக்கை தன்பாட்டில் தந்தியை விட்டுப் போன் பக்கம் போனது. இதை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கவனித்தேன்: பிழை வந்து முடிவதற்கு முன்பே கை கிளம்பிவிட்டது. கை பாதி வழியில் இருக்கும்போது கரண்ட் போனது.

அட்டவணைக்கு முந்திவிட்டது. முழு இருட்டு. மடிக்கணினித் திரை மங்கி பற்றரிக்கு மாறியது தெரிந்தது. போனில் ஸ்டொப்பைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் தட்டினேன். எண்ணெயாக்கும் என்று விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் தட்டினேன். அப்புறம்தான் விளங்கியது, ரவுட்டர் செத்துவிட்டது. ரவுட்டருக்குச் சின்னதாக ஒரு யூபிஎஸ் வாங்க வேண்டும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலம்; நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். போனுக்கும் மடிக்கணினிக்கும் இடையில் இருந்த பாலம் இல்லை. ஆனால் மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறது, மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ் அதன் யூஎஸ்பியில் இருந்தே மின்சாரம் எடுக்கிறது, மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதில் இருந்துதான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் தம்புரா ஒன்றுமே நடவாதது போலப் போய்க்கொண்டிருந்தது. மறு மூலையில் இன்டர்ஃபேஸின் சின்னப் பச்சை விளக்கு.

எழும்பிப் போகலாம். இருட்டில், வயலினை எங்கே கிடத்தினேன் என்று தெரியாமல், மைக் ஸ்டாண்டையும் வயரையும் தாண்டி. அது நடக்கிற காரியமா? கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு, ஓடிக்கொண்டிருக்கிறதே என்று, இரண்டாம் வரியை விட்ட இடத்தில் இருந்து தொடங்கினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் அந்தப் பதிவைத் திறந்தபோது கண்ணாலேயே பார்க்க முடிந்தது: 31ஆவது செக்கனில், அதுவரை சின்ன மயிர்போல ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று மெலிந்து கோடாகிறது. குளிர்சாதனப் பெட்டி, பக்கத்து வீடுகளின் ஏசி, எந்த வயருக்குள்ளால் வருகிறதென்று நான் இரண்டு வருடமாகத் தேடிய 50 ஹேர்ட்ஸ் உறுமல், எல்லாம் அந்த ஒரு இடத்தில் நின்றுபோயின. மற்றக் காலமென்றால் அடுத்த மாடிக் கட்டடத்தின் ஜெனரேட்டர் அரை நிமிடத்துக்குள் குரைக்கத் தொடங்கியிருக்கும். அப்போது அதற்கு ஊற்ற டீசல் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், பூட்டிய யன்னலுக்கு வெளியே கடல் கேட்கிறது. இருபத்தியொரு வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன், என் அறைக்குள் கடல் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஹோலில் இருந்து அம்மாவின் குரல்: "பிள்ளை, மெழுகுதிரி எங்கை வச்..." அந்த இடத்தில் நான் வில்லை வைக்கிறேன், அம்மா சொல்லை விழுங்கிவிடுகிறா.

அந்த வாசிப்பு அற்புதம் என்று நான் சொல்லப்போவதில்லை. கதைகளில் அப்படித்தான் வரும். நிஜத்தில் நான்காம் வரியில் சுருதி கொஞ்சம் அலைகிறது, வேர்வையில் விரல் ஓரிடத்தில் வழுக்குகிறது. அக்காவுக்கு அனுப்பியது அதை அல்ல, பிறகு ஒருநாள் வாசித்த வேறொன்றை. எனக்கு அதிர்ச்சி தந்தது வேறு. ஏழாம், எட்டாம் வரிகள் எனக்கு வாசிக்கவே தெரியவில்லை. மெட்டுத் தெரியும், அம்மம்மா பாடுவது காதில் இருக்கிறது. வில் எங்கே திரும்ப வேண்டும், எந்த விரலில் இறங்க வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை, தட்டித் தடவிப் போகிறது. அந்த மூன்று வாரத்தில் நான் அந்தக் கடைசி இரண்டு வரிகளை ஒரு தடவைகூட வாசித்திருக்கவில்லை. முதல் வரியை எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை.

ஸ்டொப் இல்லாத பக்கம்

பழைய ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன், போனுக்கு வருவதற்கு முந்திய காலத்தவை. ஒரு பின்னேரத்துக்கு ஐந்து, ஆறு பதிவுகள்தான். ஆனால் எல்லாம் முழுசு. அப்போது நான் பொறுமைசாலி என்றில்லை. எழும்பிப் போக அலுப்பு. முதல் வரி கொஞ்சம் சரியில்லை என்றால், அதற்காக வயலினைக் கிடத்தி எழும்பிப் போவதைவிட, சரி போகட்டும் என்று தொடர்ந்து வாசிப்பது லேசு. என் சோம்பல்தான் அந்தக் காலத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள். ஆயிரத்தெட்டு வசதி பண்ணி அந்த ஆளை நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

முதலில் வேறொரு ஆளைப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் போனில் அதே பக்கத்தைத் திறந்து கொடுத்து, முடிந்ததும் ஸ்டொப்பை அழுத்துங்கோ என்றேன். அம்மா குசினியில் இருந்துகொண்டு பதினொரு நிமிடம் ஓடவிட்டிருந்தா. கேட்டால், "நீ நிப்பாட்டச் சொல்லேல்லையே" என்கிறா. இரண்டாம் தடவை, கடைசி ஸட்ஜம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே "பிள்ளை, முடிஞ்சுதா?" என்று கூப்பிட்டா. அதோடு அந்தத் திட்டம் போச்சு.

ரீப்பர் தருகிற அந்தப் பக்கங்கள் சாதாரண எச்டிஎம்எல் கோப்புகள்தான். ஒன்றைப் பிரதி எடுத்து, வேண்டாததை நீக்கி நமக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண்: ரெக்கோட் 1013, பிளே 1007, ஸ்டொப் 1016, ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அடையாளம் வைக்க 40157. கோடிங் தெரிந்தவர்களுக்கு இது பத்து நிமிட வேலை, எனக்கு ஒரு முழு ஞாயிறு. 1016 இருந்த இடத்தை அழித்தேன். அந்த இடத்தில் 40157ஐப் பெரிதாகப் போட்டு அதற்குப் 'பிழை' என்று பெயர் வைத்தேன். கை தானாகக் கிளம்பினால் கிளம்பட்டும், அதைத் தட்டலாம். ரீப்பர் அந்த இடத்தில் ஒரு கொடி நட்டுவிட்டுத் தன்பாட்டில் ஓடும். 40668 என்று இன்னொரு எண் இருக்கிறது, நிறுத்துவதோடு பதிவானதையும் அழித்துவிடும். அந்த 43ஐப் பதிவுபண்ணின நாட்களில் அதற்கும் ஒரு பொத்தான் வைக்கத் தேடித் திரிந்தேன். அப்போது எண் தெரியாமல் போனது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே இருந்திருக்காது.

கொடிகளைப் பற்றி ஒன்று. முதல் வாரம் ஒரு பாட்டுக்குப் பத்து, பன்னிரண்டு நட்டேன். அடுத்த நாள் கேட்டால் அவற்றில் பாதியில் என்ன பிழை என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையான பிழை இருந்த இடங்களில் பெரும்பாலும் கொடியே இல்லை. வாசிக்கும்போது நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசிக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களின் பாட்டுகளுக்கு இடையிசை வாசித்துக் கொடுப்பேன், எட்டு அட்சரம், பதினாறு அட்சரம் என்று துண்டு துண்டாக. அங்கே நிறுத்தி நிறுத்தி, ஒட்டி ஒட்டித்தான் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பழைய பக்கம், ஸ்டொப்போடு, அப்படியே இருக்கிறது. ஒரு வரியை நூறு தடவை வாசித்துச் செதுக்குகிறவர்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. நூறாவது தடவைக்கும் எட்டாம் வரி அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். மாஸ்ரரிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். "அந்த 43ஐயும் ஒருக்காப் போடு பாப்பம்" என்றார். போட்டேன். பதினேழாவதில் நிறுத்தச் சொன்னார். "இது நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் விட்டனி?" பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம், என்னிடம் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இணையவழிப் போட்டி ஒன்றுக்காக ஒரு பதிவு வேண்டியிருந்தது. பாயில் இருத்தி, மைக்கைச் சரிபண்ணி, போனை அவளுடைய இடப்பக்கம் வைத்து, இதைத் தட்டினால் தொடங்கும், பிழைத்தால் இதைத் தட்டு என்று காட்டிவிட்டு, கதவடியில் போய் நின்றேன். அவள் போனைக் கையில் எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், எல்லாம் தெரியும்.

"ரீச்சர், இதிலை ஸ்டொப் எங்கை?"

மேசையைக் காட்டினேன். மடிக்கணினியைப் பார்த்தாள். தன் காலில் நிற்கும் வயலினைப் பார்த்தாள். இடையில் கிடந்த வயர்களையும் ஸ்டாண்டையும் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்துக்குள் ஒரு விரலைத் தொட்டுக்கொண்டாள்.